லவாலுக்கு ஒரு கொத்துச் செவ்வந்தி

என் மகன் யூட் கல்யாணம் முடிக்கப்போகும் ஏவா போலந்துப் பெண். அவளுடைய தாய் தனூதா, மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையிலுள்ள லவாலில் இருக்கிறார். என்னைப் போலவே கணவரை இழந்தவர். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் பிரெஞ்சு வராது. பிள்ளைகளின் மொழிபெயர்ப்பில் சம்பந்தி உறவைத் தொடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் தனியாகவே புறப்பட்டேன்.

அதற்குமுன் ஏவாவிடம் கொஞ்சம் போலிஷ் படித்தேன். கன்னியர் மடத்தில் இலக்கணம் படித்தவளுக்கு அது விருந்து. தமிழில் நல்ல பாண், நல்ல நாய், நல்ல மனிதன், "நல்ல" மாறுவதில்லை. போலிஷில் ஆண்பாற் பொருளொன்றைப் "பார்த்தேன்", "வாங்கினேன்" என்னும்போது அந்த "நல்ல" உயிரைப் பார்த்து மாறுகிறது. பாண் உயிரில்லாத ரொட்டி, அதற்கு "தொப்ரி"; உயிருள்ள நாய் என்றால் "தொப்ரெகோ". நாங்கள் அஃறிணை என்று ஒதுக்கிய நாய் அங்கே புருஷனோடு ஒரே வரிசையில் நிற்கிறது!

"செத்துப்போன புருஷன்?" என்று கேட்டேன்.

"அவரும் உயிருள்ளவர்தான், மாமி."

பார்க் மெட்ரோவில் காலை பத்து மணிக்கு ஏறி, ஜான்-தலோனில் செம்மஞ்சள் பாதைக்கு மாறி, கடைசி நிலையமான மோன்மொரன்சியில் இறங்கினேன். அரை மணி நேரப் பயணம். அங்கே ஒரு கடையில் மஞ்சள் செவ்வந்திக் கொத்து வாங்கினேன். வாடல் ஒன்றுகூட இல்லை. நானே பார்த்துத் தெரிந்தெடுத்தேன்.

கதவைத் திறந்த தனூதா பூவைப் பார்த்ததும், "யேசுஸ் மரியா!" என்றார். ஜெபம் தொடங்குகிறார் என்று நானும் சிலுவை அடையாளம் போட்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது. வந்த காலோடு எல்லாம் கெட்டதோ என்று பயந்து யூட்டுக்கு போன் போட்டேன்.

"செவ்வந்தியோ கொண்டுபோனனீங்கள்? அம்மா, உது அவையின்ர சேமக்காலைப் பூவெல்லோ! கல்லறையிலதான் வைப்பினம்."

"எங்கட கல்யாண வீட்டுப் பூவடா!"

"அவா இப்ப என்ன செய்யிறா?"

"சிரிக்கிறா. குளிர்க்கோட்டைப் போடுறா."

தனூதா என்னைக் காரில் ஏற்றி நேரே தன் கணவரின் கல்லறைக்குக் கொண்டுபோனார். பூவை வைத்தோம். மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "மியாவம் தொப்ரெகோ மென்ஷா." எனக்கு நல்ல புருஷன் இருந்தார். "யா தெஷ்," என்றார், தனக்கும் என்று. பிறகு கொத்தில் பாதியைப் பிரித்தெடுத்து என் கையில் தந்து, உன்னுடையவர் எங்கே என்பதுபோலப் பார்த்தார். மொன்றியல் பக்கம் கையைக் காட்டினேன். உடனே காரைத் திருப்பிவிட்டார். பாலத்தில் அவர் ஓட்டிய வேகத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

என் கணவரின் கல்லில் பெயரைப் பிழையாக வாசித்தார். திருத்தினேன். மூன்றாம் தரம் சரியாக வந்தபோது இருவரும் கைதட்டினோம். பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும்.

போகிறவர்களுக்கு: முதியவர்களே, மொன்றியல் தீவுக்குள் இருக்கும் இலவசப் பயணம் லவாலுக்குச் செல்லாது, டிக்கெட் எடுங்கள். போலந்து வீட்டுக்கு ரோஜா கொண்டுபோங்கள், ஒற்றைப்படையில்; இரட்டைப்படை சாவுக்கு.

கல்யாண விருந்தில் எனக்கும் தனூதாவுக்கும் நடுவே மொழிபெயர்க்க யாரையும் இருத்த வேண்டாமென்று யூட்டிடம் சொல்லிவிட்டேன்.