என் மனைவிக்குச் சளி பிடிப்பதில்லை

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனைவி தும்மி நான் பார்த்ததில்லை. அவள் மிளகாய் வறுத்தால்கூட நான்தான் தும்முவேன். இதை உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நான். இருவரும் ஓட ஆரம்பித்த பிறகு அந்தப் பெருமை போய்விட்டது.

முதலில் ஓடப் போனவன் நான். என் சர்க்கரை அளவைப் பார்த்து அடையாறு டாக்டர் அம்மா முகத்தைச் சுளித்ததால், அபிராமபுரத்திலிருந்து பட்டினப்பாக்கம் வழியாகக் கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புகிற ஒரு ஓட்டக் குழுவில் சேர்ந்தேன். மனைவி தண்ணீர் பாட்டிலோடு துணைக்கு வந்தாள். முதல் மாதம் பாட்டிலோடு நடந்தாள். அடுத்த மாதம் பாட்டிலோடு ஓடினாள். அதற்கடுத்த மாதம் பாட்டில் எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருந்தது, நான் தாகத்தோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

ஜனவரியில் நகரத்தில் ஒரு பெரிய ஓட்டம். இருபத்தொரு கிலோமீட்டரை ஜோடியாக ஓடி, கைகோத்துக்கொண்டு முடிவுக்கோட்டைத் தாண்டப்போகிறோம் என்று மைத்துனர்களில் ஆரம்பித்து மாடிவீட்டுக்காரர் வரைக்கும் சொல்லிவைத்திருந்தேன். நவம்பர் கடைசியில் குழுவின் பயிற்சியாளர் வந்து, “மேடம், நீங்க ஃபாஸ்ட் பேட்ச்ல ஓடலாமே” என்றார். என் பக்கம் திரும்பி ஒரு புன்னகை மட்டும் செய்தார். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது செய்வார்களே, அந்தப் புன்னகை.

வீட்டுக்கு வந்ததும் அவளே பேச்சை எடுத்தாள்.

“ஏன்னா, டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமைகூட விடாம லாங் ரன் வந்துட்டேள்னா நான் உங்களோடயே ஓடறேன். விட்டேள்னா அந்த பேட்ச்ல போயிடறேன்.”

“நான் எதுக்கு விடப்போறேன்?”

“தொண்டை வலின்னு விடுவேள்.”

அதில் தப்பொன்றும் இல்லை. ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் என் தொண்டையை யாரோ உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தது போலிருக்கும். ஓரிரு நாளில் மூக்கு ஒழுகும். அதே பனியில், அதே தூறலில் ஓடிவிட்டு வந்து அவள் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு மொட்டைமாடியில் தலையை உலர்த்திக்கொண்டிருப்பாள். ஆவி பிடிக்கும் துண்டுக்குள்ளிருந்து அதைப் பார்க்கிறவனுக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

தி. நகரில் சத்து மாத்திரைகள் மட்டும் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளருக்குப் புஜம் மட்டும் என் தொடை அளவு. “சார், ரொம்ப ஓடினா உடம்புக்குள்ள துரு பிடிக்கும். இது ஆன்டிஆக்ஸிடன்ட். துருவை எடுத்துடும். இம்யூனிட்டி தானா ஏறும்” என்றார். எங்கள் மொட்டைமாடி இரும்புக் கதவு கண்முன்னால் வந்தது. விட்டமின் சி, விட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், பச்சைத் தேயிலைச் சாறு என்று வாங்கி லேப்டாப் பையில் ஒளித்துவைத்தேன். தினம் ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தது. அது சாதாரண மனிதர்களுக்கு. மனைவியைத் துரத்துகிறவனுக்கு இரண்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன். போதாததற்கு ஆபீஸ் வாசலில் காலையும் மாலையும் காரட் ஜூஸ்.

இன்னொரு வேலையும் செய்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மழை விட்டதும் அவளை மாட வீதிக்குக் கூட்டிப்போய், ஐஸ் மிதக்கும் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அவளுக்குத் தொண்டை கட்டினால், ஒரே ஒரு ஞாயிறாவது நாங்கள் சமமாக இருப்போம் என்று கணக்கு. “என்ன திடீர்னு பாசம்?” என்றபடி குடித்தாள். நன்றாக இருக்கிறதென்று இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தாள். சந்தேகம் வரக்கூடாதே என்று நான் பாதி குடித்தேன். ஞாயிறு காலை குரல் போனது எனக்கு. கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஓடி முடித்தேன். ஓடினேன் என்பது என் தரப்பு வாதம்.

பட்டினப்பாக்கத்தில் ஒரு இளநீர்க்காரர் இருக்கிறார். ஒவ்வொரு வாரமும் என்னைப் பார்த்ததும், “இன்னா சார், மேடம் அப்பவே போய்க்கினு கீறாங்க, நீ இப்பதான் வர்றியா?” என்பார். டிசம்பர் கடைசி ஞாயிறுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்று இளநீருக்காக நீட்டின என் கையைப் பார்த்தவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

“இன்னா நைனா, கை மஞ்சளா கீது? காமாலையா?”

பார்த்தேன். உள்ளங்கை மஞ்சள். ஷூவைக் கழற்றினேன். உள்ளங்காலும் மஞ்சள். நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“பயப்படாத சார். இன்னொண்ணு வெட்டவா?” என்றார்.

அங்கே உட்கார்ந்தபடியே என் கல்லீரலுக்குக் காரியம் செய்து முடித்துவிட்டேன். பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரமும் ஆயிற்று. மனைவி என் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, பந்திக்குக்கூட இருக்காமல் ஷூவை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறாள். அன்றைக்கு அவளுடைய வேகம் இன்னும் கூடியிருக்கிறது. செத்துப்போனதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் இருவருமாக அடையாறு போனோம். டாக்டர் அம்மா என் இமையை இழுத்துப் பார்த்தார்.

“காமாலைன்னா கண்ணு மஞ்சளாகும். உங்க கண்ணு இட்லி மாதிரி வெள்ளையா இருக்கு. என்ன சாப்பிடறீங்க?”

லேப்டாப் பையைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தேன். மனைவி பையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். காரட் ஜூஸையும் சொன்னதும் டாக்டர் அம்மா சிரித்துவிட்டார்.

“காரட் சாயம்தான். எதுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடலாம். எல்லாத்தையும் நிறுத்துங்க, நிறம் தானா போயிடும். பயிற்சியில உடம்பு தானா பழகி பலமாகணும். இதையெல்லாம் அள்ளி அள்ளிப் போட்டா அந்தப் பழக்கமே மந்தமாகலாம். சளி வராம இருக்க ஒழுங்கா சாப்பிடுங்க, தூங்குங்க. எத்தனை மணிக்குத் தூங்கறீங்க?”

“பத்து மணிக்கு” என்றேன்.

“பன்னெண்டு மணி வரைக்கும் போர்வைக்குள்ள போனை வெச்சுண்டு நான் ஓடின மேப்பைப் பாத்துண்டிருப்பார் டாக்டர்” என்றாள் மனைவி. “எந்தத் தெருவுல எவ்வளவு வேகம்னு. செவ்வாக்கிழமை ரெஸ்ட் எடுக்கணும். கறிகாய் வாங்கிண்டு வரேன்னு போய்த் தனியா ஓடிட்டு வரார்.”

“உனக்கு யார் சொன்னா?”

“இளநீர்க்காரர். அதோட, கறிகாய் ஒருநாளும் ஆத்துக்கு வந்ததில்லையே.”

டாக்டர் அம்மா பேனாவை மூடினார். “ஓய்வும் இல்லை, தூக்கமும் இல்லை. அப்புறம் சளி பிடிக்காம என்ன பண்ணும்? ஒரு வாரம் ஓடவே கூடாது.”

“ஞாயித்துக்கிழமை மட்டும்?”

“ஞாயித்துக்கிழமையும் வாரத்துலதானே இருக்கு.”

அப்படியாகத்தான் அவள் ஃபாஸ்ட் பேட்சுக்குப் போனாள். ஆட்டோவில் திரும்பும்போது “போயேன், எனக்கென்ன” என்றேன். எனக்கென்ன என்று சொல்கிறவனுக்கு என்னவெல்லாம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். என் மஞ்சள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இரவு ஒன்பதரைக்கு என் போன் அவள் தலையணைக்கடியில் போய்விடும். வேறு வழியில்லாமல் தூங்கினேன். தொண்டை வலி வரவில்லை. அந்த வெற்றியையும் அவளுடைய கணக்கில்தான் எழுத வேண்டியிருந்தது என்பது தனி வேதனை.

ஜனவரி ஓட்டத்தில், கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அவளுடைய நீலத் தொப்பி கூட்டத்தில் மறைந்தது. நான் என் வேகத்தில் போனேன். கடைசி வளைவைத் திரும்பியபோது பந்தலைப் பிரிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கழுத்தில் பதக்கத்தோடு, ஈரப் பனியனோடு, அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பிடித்துக்கொண்டு தாண்டினேன். யாரோ படம் எடுத்தார்கள். அதை மைத்துனர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். அவள் எப்போது வந்து சேர்ந்தாள் என்ற விவரத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் தும்மினாள்.

“கடல் காத்துல ஈரத்தோட ரொம்ப நாழி உக்காந்துண்டிருந்தேன்” என்றாள். “நீங்க வரவே காணோம். சிரிக்காதேள்.”

நான் சிரிக்கவில்லை. மிளகு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். இளநீர்க்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“மேடம் எங்க சார்?”

“சளி. படுத்திருக்கா.”

“மேடத்துக்கா? உன்கிட்டேர்ந்து ஒட்டிக்கினுச்சா?”

பக்கத்தில் ஃபாஸ்ட் பேட்ச் முழுவதும் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. பயிற்சியாளரும் இருந்தார்.

“இல்லப்பா. எனக்காக உக்காந்திருந்தா, அதுல பிடிச்சது” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.