பொட்டுக்கு அடியில் இருந்த முத்திரை

பெருமுக்கல் மலையடிவாரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டவனுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு கூட்டம் இறங்கினால் போதும், விடிந்து பார்த்தால் கொல்லை ஏர் ஓட்டினது மாதிரி கிடக்கும். ஊரில் பழைய சேலையைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார்கள். பட்டாசு கொளுத்திப் பார்த்தார்கள். சின்னபொண்ணு கொல்லைக்கு மட்டும் துப்பாக்கி இருந்தது. மாமனார் அரங்கநாதன் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த பழைய வேட்டை ரைபிள். வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. பன்றி மலை ஏறிவிடும். அதற்கு அவ்வளவுதான் வேலை.

புருஷன் போன பிறகு நிலத்தையும் மாமனாரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். தை மாதம் பெரியவரும் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த கையோடு போலீஸ்காரர் வந்தார். லைசென்ஸ்காரர் இல்லாத வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது என்றார். விழுப்புரத்தில் சவுரிராயன் என்பவரின் துப்பாக்கிக் கடையில் அதை ஒப்படைத்துவிட்டு, தன் பேருக்கு லைசென்ஸ் கேட்டு மனுவோடு கலெக்டர் ஆபீஸ் போனாள்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று சிரித்தார் அங்கிருந்தவர்.

"பன்னி இன்னா, ஆம்பள கொல்ல பொம்பள கொல்லன்னு பாத்தா துன்னுது?" என்றாள் சின்னபொண்ணு. சொல்லிவிட்டு எதிரே பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. மனுவை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ரெண்டு காரியம் பாக்கி என்றார்கள். அரங்கநாதனின் இன்னொரு வாரிசு, அவளுடைய கொழுந்தன் சக்கரபாணி, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். துப்பாக்கி எங்கே செய்தது, நம்பர் என்ன என்று கடைக்காரர் பார்த்து எழுதித் தர வேண்டும்.

சக்கரபாணி விழுப்புரத்தில் மனை விற்கிறவன். கையெழுத்து என்றதும் குதித்தான்.

"அண்ணி, அது லண்டன் சரக்கு. வெள்ளக்கார தொர எங்க தாத்தாவுக்குக் குடுத்தது. மெட்ராஸ்ல ஒரு பார்ட்டி கீறாரு, பழைய துப்பாக்கியா சேக்கறவரு. லட்சக்கணக்குல போவும். அத்த வச்சிக்கினு பன்னி ஓட்டப் போறியா?"

"தொர குடுத்தத நீ பாத்தியா?"

"அப்பா சொல்லிக்கினே இருப்பாரே."

"உங்கப்பா பெருமுக்கல் மலையே அவுருதுன்னு கூடச் சொன்னாரு. சரி, லண்டன் இல்லன்னு ஆயிட்டா?"

"ஆயிட்டா நீயே வச்சிக்க. அங்கியே கையெழுத்து போடறேன். வெறகுக் கட்டைய வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"மலையனூர் ஆத்தா மேல சொல்லு."

"ஆத்தா மேல சத்தியம். போதுமா?"

அடுத்த நாளே ரெண்டு பேரும் கடையில் நின்றார்கள். சவுரிராயன் ரைபிளை மேசையில் கிடத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரி இங்கிலீஷ்காரனும் செஞ்சான். அதே அச்சுல நம்ம கவர்மெண்டும் செஞ்சுது, கல்கத்தா பக்கம் இச்சாப்பூர் பேக்டரில. பக்கத்துல பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பின்கட்டையும் இரும்பும் சேர்ற எடத்துல எழுத்து வெட்டியிருப்பாங்க. அத்தப் பாத்தாதான் சொல்ல முடியும். இங்க இன்னாம்மா இது, மேடு தட்டிப் போயி கீது?"

சின்னபொண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவள்தான் துப்பாக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பாள். பொட்டு நிற்பதற்குத் தோதான சப்பை இடம் அது ஒன்றுதான். சாமிப் பொட்டு அழியக்கூடாது என்று மாமனார் அதன்மேல் வார்னிஷ் அடித்துவிடுவார். அடுத்த வருஷம் அதன்மேல் பொட்டு. அதன்மேல் வார்னிஷ்.

"எடுத்துடலாம். ஆனா யோசிச்சுக்கங்க" என்றார் சவுரிராயன். "லண்டன் சரக்கா இருந்தா பழைய நெறம் போவக் கூடாது. பழசு சேக்கறவங்க தேச்ச சரக்கத் தொட மாட்டாங்க. வெல பாதியா எறங்கிடும்."

சக்கரபாணி பாய்ந்து வந்து ரைபிள்மேல் கையை வைத்தான். "ஆரும் தொடாதீங்க! பார்ட்டிகிட்ட இப்படியே காட்டிக்கலாம்."

"பொட்டப் பாத்து வெல சொல்றதுக்கு உன் பார்ட்டி இன்னா குறி சொல்றவரா?"

"பேஜாரு பண்ணாத அண்ணி."

"வச்சவ நான். நான்தான் எடுப்பேன். கைய எடு."

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு அவன் கை தானாக விலகியது. சவுரிராயன் கொடுத்த தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்தாள். வார்னிஷ் பிசுபிசுவென்று இளகியது. சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, மறுபடி வார்னிஷ். லண்டன் என்று வந்துவிட்டால் கொழுந்தன் கையெழுத்துப் போட மாட்டான். கார்த்திகையில் பிடுங்க மல்லாட்டை இருக்காது. தெரிந்தேதான் தேய்த்தாள். கடைசியில் இரும்பு எட்டிப் பார்த்தது. சவுரிராயன் கண்ணாடி வில்லையைப் பிடித்துக் குனிந்தார்.

"ஆர்... எஃப்... ஐ. ரைபிள் பேக்டரி இச்சாப்பூரேதான். நம்பர் தெளிவா கீது. வருஷம் அறுபத்தாறு."

"தொர?" என்றான் சக்கரபாணி.

"தொர கப்பல் ஏறிப் போயி இருவது வருஷம் ஆச்சே அப்ப! உங்க தாத்தாவுக்கு எந்தத் தொர குடுத்தாரு, பி.டி.ஓ. தொரயா?"

"வெல இன்னா வரும்?"

"ஒரு கறவ மாட்டு வெல வந்தா பெருசு." சவுரிராயன் குழல் வாயை அளந்து பார்த்துவிட்டுச் சின்னபொண்ணு பக்கம் திரும்பினார். "ஆனா இதுக்குத் தோட்டா எப்பவும் கெடைக்கும். பன்னி ஓட்டுறதுக்கு இதாம்மா சரி."

சக்கரபாணி சட்டைப்பையைத் தடவினான். "பேனா எடுத்தாரல அண்ணி."

சின்னபொண்ணு முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பேனாவை எடுத்து நீட்டினாள். அவன் போட்டான்.

அதற்கப்புறமும் லைசென்ஸ் சும்மா வந்துவிடவில்லை. விசாரணை, தாசில்தார், மறுபடி விசாரணை. கூட்டேரிப்பட்டில் நிற்கிற பஸ் கண்டக்டரெல்லாம், "இன்னிக்கும் துப்பாக்கிதானாம்மா?" என்று கேட்கிற அளவுக்கு அலைந்தாள். ஆடியில் விதைத்தது காய் பிடிக்கிற நேரத்துக்கு லைசென்ஸ் கைக்கு வந்தது.

ரைபிளை வாங்கப் போன அன்றைக்குக் கடையில் ஆயுத பூஜை. சவுரிராயன் ரைபிளை எடுத்து வைத்ததும் அவள் தட்டிலிருந்த சந்தனத்தில் விரலைத் தோய்த்தாள்.

"இரும்புல வேணாம்மா" என்றார் அவர் பதறிப்போய்.

"தெரியும் உடு" என்று பின்கட்டையில் ஒரு பொட்டு வைத்தாள். "தோட்டாவ ஜல்தியா குடுங்க. இருட்டறதுக்குள்ள ஊரு போய்ச் சேரணும். பன்னிக்கு ஆயுத பூஜ லீவு கெடையாது."