ஆறாவது கோட்டுக்குக் கட்டின காப்பு

கோட்ட அழிக்க ஆளு வந்துருச்சுன்னு சேதி வந்தப்ப நான் ரப்பர் மலையில பால் எடுத்துக்கிட்டிருந்தேன். செரட்டையில இருந்தத வாளியில கவுத்த கையோட அப்படியே எறங்கி ஓடினேன். அர நாள் பேருதான் போடுவேன், அர நாள் சம்பளம்தான்னு கங்காணி பின்னாலயே கத்துறாரு. போட்டுக்கங்கன்னுட்டேன். எனக்கு கோவம் வந்தா முன்னபின்ன பாக்க மாட்டேன், தோட்டத்துக்கே தெரியும்.

எந்தக் கோடுன்னு கேப்பீங்க. எங்க தோட்டத்த ரெண்டா வகுந்துக்கிட்டு ருவான்வெல்லைக்கு மெயின் ரோடு போகுது. மேல நாங்க குடியிருக்குற லயங்க, கீழ பள்ளிக்கூடமும் கோயிலும் ரப்பர் ஸ்டோரும். புள்ளைங்க தாண்டணும், பால் வாளியோட நாங்க தாண்டணும். ரோட்டத் தாண்ட முன்ன போட்டிருந்த வெள்ளக் கோடு தேஞ்சு, இருந்த எடமே தெரியல. போன வருசம் ஒரு லாரி பக்கத்து வீட்டு அக்காவ இடிச்சு கால ஒடச்சிருச்சு. பிரதேச சபையில போய் எத்தன தடவ கேட்டாலும் வாறோம் வாறோம்தான். கடைசியில ரோட்டு வேலைய பாக்குற சிங்கள ஓவசியர் மாத்தயா, பெயிண்ட் இல்ல, வேணும்னா நீங்களே அடிச்சுக்கங்கன்னு சொல்லிட்டாரு.

அடிச்சது என் தங்கச்சி. எங்கம்மா பெத்தப்ப தம்பின்னு சொல்லித்தான் பெத்தாங்க. பதினஞ்சு பதினாறு வயசுலயே அவ பொம்பளப் புள்ளதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மத்தவங்களுக்குத் தெரிய நாளாச்சு. தெரிஞ்சதும் லயத்துல இருக்க விடல. இப்ப ருவான்வெல்ல டவுன்ல சலூன் ஒன்னுல பொண்ணு அலங்காரம் பண்றா, மேல்மாடியில ஒரு ரூம்ல கெடக்குறா. இந்தத் தோட்டத்துல கல்யாணம் கட்டின பொண்ணுங்க பாதிப் பேருக்கு கண்ணுல மை வச்சவ அவதான். ஆனா ஒரு வீட்டுலயும் உள்ள கூப்பிட்டு ஒரு வாய் தண்ணி குடுத்ததில்ல, எங்க வீடும் சேத்துத்தான். எங்க வீட்டுக்காரரு அவள பேரு சொல்லியும் கூப்பிட மாட்டாரு, மொற சொல்லியும் கூப்பிட மாட்டாரு. "அது வந்துச்சா" அவ்வளவுதான்.

மாரியம்மன் திருவிழாவுல எங்களுக்கு ஒரு வழக்கம். அஞ்சு லயம், ஆளுக்கு ஒரு நாள் பூச. அன்னைக்கு அம்மனுக்குச் சாத்துற சேல அந்த லயத்து நெறம். மேட்டு லயத்துக்கு செவப்பு, எங்க லயத்துக்கு பச்ச, மத்த மூணுக்கும் ஆரஞ்சு, மஞ்ச, நீலம். அந்தச் சேலைங்களுக்கு கொசுவம் மடிச்சுக் குடுக்குறது தங்கச்சிதான். கோயிலுக்கு வெளிய பாய் விரிச்சு ஒக்காந்து மடிப்பா, பூசாரி உள்ள கொண்டுபோய் சாத்துவாரு. அவளுக்கு லயம் இல்ல, அதனால நாளும் இல்ல, நெறமும் இல்ல.

கோடு அடிக்கணும்னதும் யோசன சொன்னது அவதான். ஒவ்வொரு லயமும் அதோட நெறத்துல ஒரு டின் பெயிண்ட் குடுங்க, தேரு அதுமேலயே தாண்டிப் போகும்னா. எல்லாருக்கும் குஷி. ஒரு ஞாயித்துக்கெழம வெடிய எறங்கி, செவப்புல ஆரம்பிச்சு வரிசையா அடிச்சா. அஞ்சும் முடிஞ்சப்புறம் அவ பையில இருந்து ஒரு சின்ன டின்ன எடுத்தா. கத்தரிப்பூ கலரு.

"இது யாருதுடி?"ன்னேன்.

"என்னுதுக்கா."

ஒரே வாரம். ரோட்டுல போன எவனோ போட்டோ புடிச்சு பேஸ்புக்குல போட்டுட்டான். பள்ளிக்கூடத்து முன்னால, தங்கச்சி மாதிரி ஆளுங்க ஊர்வலத்துல புடிக்கிற அந்த ஆறு கலரு வானவில்லு கொடிய வரஞ்சு வச்சிருக்காங்க, புள்ளைங்க கெட்டுப்போகும்னு. சிங்களத்துலயும் திட்டு, தமிழ்லயும் திட்டு. ஊரு வாய மூட ஒல மூடி ஏது. நான் அவகிட்ட நேராவே கேட்டேன், தெரிஞ்சுதான் அடிச்சியான்னு. "தெரிஞ்சுதான் அடிச்சேன். லயத்துக் கலரெல்லாம் பக்கத்துல பக்கத்துல வந்து நின்னப்ப ஒன்னுதான் கொறஞ்சுச்சு. எனக்கும் ஒரு எடம் இருக்கட்டும்னு தோணுச்சு"ன்னா.

அதுக்கப்புறம் எங்க தோட்டத்து சங்கத் தலைவரு பண்ணின வேலதான் வயித்த எரிய வச்சுச்சு. சபைக்குப் போய், அஞ்சு கோடு லயத்துக் கோடு, சாமி சம்பந்தப்பட்டது, அத விட்டுருங்க, அந்த ஆறாவத மட்டும் தாரு பூசி அழிச்சுக்குங்கன்னு பேசி முடிச்சுட்டு வந்துட்டாரு. வந்து, காலையில பேரு போடுற பெரட்டுக்களத்துல பெருமையா சொல்றாரு, பிரச்சினைய சுமுகமா தீத்துட்டேன்னு. எல்லாரும் வாளிய எடுத்துக்கிட்டு மலைக்குக் கெளம்பினாங்க. அவங்கவங்க கோடு தப்பிச்சுச்சுல்ல. "ஒங்க பொண்ணு கல்யாணத்துக்கு அவ கை வேணும், அவ கோடு மட்டும் வேணாமா"ன்னு கேட்டேன். மூஞ்சிய திருப்பிக்கிட்டாரு.

இதுக்கெல்லாம் மேல ஒன்னு இருக்கு. சபையில ரோட்டு வேலைக்கு நாள் கூலியா போறது எங்க வீட்டுக்காரரு.

அன்னைக்கு நான் மலையில இருந்து மூச்சு வாங்க ரோட்டுக்கு எறங்குனப்ப தாரு வாளியும் தொடப்பமுமா நின்னது அவருதான். பக்கத்துல ஓவசியர் மாத்தயா. அந்தாண்ட ஸ்டோரு வாசல்ல எங்க பொம்பளைங்க எல்லாம் வாளியோட நிக்குறாங்க. தங்கச்சி பஸ்ஸ விட்டு எறங்கி, கிட்ட வராம, பாலத்துக் கட்டையில ஒக்காந்திருந்தா.

"வேணாங்க"ன்னேன்.

"வேல போயிரும்டி, தள்ளு"ன்னாரு. வெயில்ல தாரு கொழகொழன்னு கெடக்கு. அவரு குனியுறாரு.

அப்பத்தான் இடுப்புல சொருகியிருந்தது ஞாபகம் வந்துச்சு. அதுக்கு முந்தின நாள்தான் கோயில்ல காப்பு கட்டு. பால்குடம் எடுக்கிறவங்களுக்கெல்லாம் பூசாரி கையில மஞ்சக் கயிறு கட்டினாரு. தங்கச்சிக்குக் கட்ட மாட்டேன்னுட்டாரு. நான் சண்ட புடிச்சு, அவளுக்கு நானே கட்டி விடுறேன் குடுங்கன்னு ஒரு காப்பு வாங்கி வச்சிருந்தேன், மஞ்சத் துண்டு கோத்தது. அத உருவி, கோட்டுக்கு ஓரமா, ஆளு தாண்டுற எடம்னு காட்டுற மஞ்சப் பலகைக் கம்பத்துல சுத்தி மூணு முடிச்சுப் போட்டேன். தாயே மாரியாத்தான்னு சத்தமாவே சொன்னேன்.

எங்க ஆளுங்களுக்கு இது போதும். காப்பு கட்டின எடத்துல அத வெட்டுற வரைக்கும் ஒரு துரும்ப அசைக்கக் கூடாது. கட்டின கைதான் வெட்டணும். வீட்டுக்காரரு தொடப்பத்த கீழ வச்சுட்டு ரெண்டடி பின்னால போனாரு. தங்கச்சிக்காக இல்ல, ஆத்தாளுக்குப் பயந்துதான், அது எனக்குத் தெரியும். ஓவசியர் மாத்தயா கயித்தப் பாத்தாரு. அவரு மகளுக்கு அம்ம போட்டப்ப எங்க கோயில்லதான் வேப்பெல வாங்கிட்டுப் போனாரு. "திருவிழா முடிஞ்சு வெட்டினதும் வாறோம்"னு சிங்களத்துல சொல்லிட்டு வேன்ல ஏறிட்டாரு.

திருவிழா முடிஞ்சுச்சு. மஞ்ச நீராடி எல்லாரும் காப்ப வெட்டினாங்க. நான் என் கையில கெடந்தத வெட்டினேன், கம்பத்துல கட்டினத வெட்டல.

வெட்டலன்னா வெரதமும் முடியல. எங்க வீட்டுல மீனு கெடையாது, கருவாடு கெடையாது, முட்ட கூட கெடையாது. தோட்டத்த விட்டு ஒரு ராத்திரி வெளிய தங்க முடியாது, எங்க அண்ணன் மக சடங்குக்குக் கூட எஹலியகொடைக்குப் போகல. வீட்டுக்காரருக்கு கருவாடு இல்லாம சோறு எறங்காது. தட்ட பாத்து பாத்து பெருமூச்சு விடுவாரு. "எத்தன நாளைக்கிடி பருப்பு?" "அம்மன் சொல்ற வரைக்கும்." தலைவரு வந்து மெரட்டிப் பாத்தாரு, பூசாரி வந்து இது மொறையில்லன்னாரு. வெளிய வீராப்பாத்தான் பேசினேன். உள்ளுக்குள்ள பயம். ரோட்டுல வேன் சத்தம் கேட்டாலே வாளிய வச்சுட்டு எட்டிப் பாப்பேன்.

ஒரு நாள் தங்கச்சி ஸ்டோரு வாசலுக்கு வந்தா. எளச்சுப்போயிருந்தா. "அக்கா, போதும். வெட்டிரு. எனக்காக ஒங்க வீடு பட்டினி கெடக்க வேணாம். ஒரு கோடுதானே"ன்னா.

எனக்கு வந்துச்சே கோவம். "ஒன்ன அழிக்க விட்டுட்டு நான் கருவாடு திங்கணுமாடி?"ன்னு கத்திட்டேன். பால் நிறுக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அங்க வீட்டுக்காரரும் நின்னாரு, எனக்கு மத்தியானச் சோறு கொண்டாந்திருந்தாரு. தூக்குச்சட்டிய வச்சுட்டுப் போயிட்டாரு.

அடுத்த வாரமே வேன் வந்துருச்சு. இந்தத் தடவ எங்க வீட்டுக்காரர வேலைக்குக் கூப்பிடாம வெளிய இருந்து ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. ஓவசியர் மாத்தயாவுக்கும் மேல இருந்து நெருக்கடி போல, மொகத்துல ஈயாடல. ரோட்டுக்கு அங்கிட்டு பெயிண்ட் டின்ன தூக்கிக்கிட்டு நின்ன எங்க வீட்டுக்காரரத்தான் கூப்பிட்டுக் கேட்டாரு. அஞ்சு கோட்டுக்கு லயம் இருக்கு, சரி. இந்த ஆறாவதுக்கு யாரு சொந்தம், யாருமில்லாதத அழிக்கிறதுல ஒங்களுக்கென்னன்னு.

நான் வாய தொறக்குறதுக்கு முன்னாடி அவரு சொன்னாரு. மெதுவா, தலைய நிமுத்தாமலே.

"ஏக மகே நேனாகே, மாத்தயா."

அது என் கொழுந்தியாளோடதுங்கன்னு அர்த்தம். எங்களுக்குச் சிங்களமும் தண்ணிபட்ட பாடு, அங்க நின்ன ஒவ்வொருத்தருக்கும் வெளங்குச்சு. வேன் பக்கத்துல நின்ன தலைவருக்கும் வெளங்குச்சு. வீட்டுக்காரரு டின்ன தொறந்து, லாரி தேச்சு மங்கிப்போன கத்தரிப்பூ கோட்ட திரும்ப அடிக்க ஆரம்பிச்சாரு. அந்த டின்ன எப்ப வாங்கினாரோ, எனக்குத் தெரியாது. மேட்டு லயத்து பொம்பளைங்க ரெண்டு பேரு வாளிய வச்சுட்டு, வண்டி வராமப் பாத்துக்க ரோட்டுல எறங்கி நின்னாங்க. ஓவசியர் மாத்தயா கூட்டிட்டு வந்தவங்கள வேன்ல ஏறச் சொன்னாரு.

திரும்பி வர மாட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வந்தா வரட்டும். காப்பு இன்னும் கம்பத்துலதான் கெடக்கு, லாரிப் பொக பட்டு கறுத்துப்போச்சு. வீட்டுல இன்னமும் பருப்புதான். ஞாயித்துக்கெழமைகள்ல தங்கச்சி வந்து எங்க வீட்டுக் காம்பராவுல ஒக்காந்து அந்தப் பருப்பத்தான் சாப்பிடுறா. எங்க வீட்டுக்காரருதான் அவ ஒக்காரப் பலகைய இழுத்துப் போடுவாரு. கொழுந்தியான்னு தமிழ்ல இன்னும் ஒரு தடவ கூட கூப்பிடல. சிங்களத்துலதான் வருது. வரட்டும், நான் காத்திருப்பேன்.