அத்தையின் பாட்டும் குழாய் ஸ்பீக்கரும்

என் மகள் செல்போனில் ஒரு பிரெஞ்சுப் பாடகியின் புது ஆல்பத்தைப் போட்டாள். அந்தம்மாவுக்கு எண்பது வயசாம். குரல் பிசிறுகிறது, வரிக்கு நடுவே மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. ஈஸிசேரில் இருந்த அப்பா கண்ணை மூடித் தலையாட்டினார்.

"இந்த வயசுல இன்னாமா பாடறாங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, இதே ஆரணி வீட்டில் பாடிக்கொண்டேதான் பட்டு நெய்வாள். தறியின் மிதிகட்டைதான் அவளுக்குத் தாளம். தெருவில் யார் வீட்டு நலங்கென்றாலும் பாட அவளைத்தான் கூப்பிடுவார்கள். என் அக்கா கல்யாணத்திலும் பாட உட்கார்ந்தாள். அப்போது எனக்குப் பத்து வயசு. சந்தனமும் கதம்பமும் மணந்த கூடத்தில், தறி மிதிப்பதுபோல அவள் கால் தரையைத் தட்டியது. மேலே போகும்போது குரல் உடைந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது யாரோ, வெட்கப்பட்டது அப்பா.

"யோவ், ஜல்தி கேசட்டைப் போடுய்யா! பேஜாரா போச்சு" என்று மைக்செட்காரரிடம் கத்தினார்.

வாசலில் குழாய் ஸ்பீக்கர் அலறியது. அத்தையின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கால் மட்டும் தாளத்தை விடவில்லை. அதற்குப் பிறகு அவள் தறியிலும் பாடவில்லை. சாகும்வரை வெறும் மிதிகட்டைச் சத்தம்தான்.

செல்போனைப் பிடுங்கி நிறுத்தினேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். "ஏம்மா நிறுத்திட்ட? பாவம், அந்தம்மா பாடி முடிக்கட்டுமே."