பொடிலின் கல்முகம்

பிறரைப் பதற வைப்பதையே தொழிலாகக் கொண்டவர் தான் எப்போது பதறுவார்? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து ஆய்வுக்கூடத்தில், என்னோடு வேலை செய்யும் ஆய்வாளர் பொடிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழும்.

பயந்த மூளை ஆணையிட்டதும் உடம்பில் கார்டிசால் என்ற பதற்றச் சுரப்பு எப்படி ஏறுகிறது என்பது அவருடைய ஆய்வு. மகத்தானது என்று சொல்லமாட்டேன், ஒழுங்கானது. வருகிறவர்கள் அவர் முன் நின்று தங்களைப் பற்றிப் பேச வேண்டும். அவர் வெள்ளைக் கோட்டில் கல்லாக உட்கார்ந்திருப்பார். பிறகு அவர்களின் எச்சிலில் கார்டிசாலை அளப்போம்.

“பொறந்தநாள் கேக் தின்னும்போதுமா இந்த மூஞ்சி?” என்பான் உடன் வேலை செய்யும் பிரெபென்.

“ரெண்டு மணிக்கு ஒருத்தரை நடுங்க வைக்கணும்டா. இப்ப சிரிச்சா இளகிடும்.”

பேராசிரியர் பதவிக்காக அவர் பல வருடம் காத்திருந்தார். நேர்காணலில் கேள்வி கேட்க மூவர். இருவர் முகத்தை இறுக்கிக்கொண்டிருக்க, பொடில் தன் வீட்டில் இருப்பதுபோல் பேசினார். மூன்றாமவர் கனிவாகப் புன்னகைத்தார். பொடில் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“தயவுசெஞ்சு சிரிக்காதீங்க. பயமா இருக்கு.”

மூவரும் வெடித்துச் சிரித்தார்கள். பதவியும் கொடுத்தார்கள்.

பொடில் பதவி வேண்டாமென்று எழுதி அனுப்பிவிட்டு, மறுநாள் ஆய்வுக்கூடத்தில் தன் பழைய நாற்காலியில் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். காரணம் கேட்ட பிரெபெனிடம், “அங்க எல்லாரும் சிரிக்கிறாங்கடா” என்றார்.