ஐந்தாவது டின்

அரபுப் பாலைவனத்தில், முசஃபா சாலையில் டயர் மாற்ற நிற்கிறோம். எனக்கு எரிச்சல். சக்கரம் வைத்த பலகைகளில் ஒரு வெள்ளைக்காரர் தார்ச்சாலையில் சறுக்கி வருகிறார். பின்னாலேயே பிக்கப்பில் அவருடைய டிரைவர், பரமக்குடிக்காரர்.

“நார்வேக்காரரு சார். பனியில சறுக்கி ஓடி, மூச்சு வாங்க நின்னு துப்பாக்கி சுடுற போட்டியில சாம்பியன். முட்டி ஒடஞ்சு இங்க வேலைக்கு வந்தாரு. இப்பத் திரும்பிப் போயி ஓடணும்ங்கிறாரு.”

இங்கே துப்பாக்கிக்கு அனுமதியில்லை. நார்வேக்காரர் நின்று, சறுக்கும்போது ஊன்றி வந்த கம்பை நீட்டிக் குறிபார்க்கிறார். டிரைவர் கம்பின் நுனியில் சோடா மூடி வைக்கிறார். பத்து எண்ணும்வரை மூடி விழாவிட்டால் குறி தப்பவில்லை என்று பொருள். உடனே டிரைவர் மணலில் நடந்துபோய், அங்கே வரிசையாக வைத்திருக்கும் ஐந்து டின்களில் ஒன்றை உதைத்துச் சாய்க்கிறார்.

“அஞ்சு டின்னும் ஒருநாளும் சாஞ்சதில்ல சார்.”

இன்று நாலு சாய்ந்துவிட்டன. நார்வேக்காரர் நெஞ்சு ஏறி இறங்குகிறது. நானும் எண்ணுகிறேன். எட்டு, ஒன்பது, பத்து. மூடி அசையவில்லை. டிரைவர் செருப்பை உதறிவிட்டு ஓடுகிறார்.