டேப்பக்கா அளந்த நான்காவது மரம்

எங்கள் தெருவில் நான்கு தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தன. இப்போது மூன்று. நான்காவதை வெட்டியது நகரசபை என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிக்கொள்கிறோம். எங்களுக்கு அது வசதியாக இருக்கிறது. டேப்பக்கா மட்டும் அப்படிச் சொல்வதில்லை.

டேப்பக்கா என்பது தெரு வைத்த பெயர். தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தேவைப்பட்டதில்லை. கழுத்தில் எந்நேரமும் மஞ்சள் நிற அளவு டேப் தொங்கும். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று அவருடைய கணவரிடம் ஒருமுறை கேட்டேன். "அது கழுத்தோட பொறந்தது. நான்தான் பின்னால வந்து சேந்தேன்" என்றார்.

சாவிக் கடைக்கு மேலே, பதினெட்டுப் படி ஏறினால் அவர்களுடைய ஒன்றரை அறை. முழு அறையில் தையல். பழைய கதவு ஒன்றை இரண்டு முக்காலிகள் மேல் படுக்கப்போட்டு அதைத் துணி வெட்டும் மேசையாக்கியிருந்தார். மேசைக்கு அடியில் துண்டுத்துணி மூட்டைகள், ஜன்னலோரம் மிஷின், மூலையில் இஸ்திரிப் பெட்டி. திரைக்குப் பின்னாலிருந்த அரை அறையில் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் குடும்பம் நடத்தின. பள்ளிச் சீருடை, நர்ஸ் கோட்டு, காவலாளிகளின் கால்சட்டை என்று அழகு பார்க்காத உடுப்புகளே அவருக்கு அதிகம் வரும். ஆனால் இருபத்தெட்டு வருடத்தில் "இறுக்கிப் பிடிக்குது" என்று ஒரு உடுப்புகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். யாரும் கேட்காமலே சொல்வார்.

கணவர் பஸ் டிரைவர். டிப்போவில் நடந்த ஒரு விபத்தில் இரண்டு கால்களும் பாதி வேலைதான் செய்வோம் என்று முடிவெடுத்துவிட்டன. தினமும் காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பதினெட்டுப் படியையும் இறங்குவார். பன்னிரண்டு நிமிடம் ஆகும். அவருடைய மொழியில் அது எக்ஸ்பிரஸ் சர்வீஸ். நான்காவது மரத்தின் அடியில், டிப்போவில் கழித்துப் போட்ட பஸ் சீட் ஒன்று கிடந்தது. இறங்கியதும் அதில் உட்கார்ந்தால், சாயங்காலம் மரம் இலையை மூடும்போதுதான் எழுந்திருப்பார். தைக்கத் துணி கொண்டு வருகிறவர்களிடம் பையை வாங்கி வைப்பது, வியாழக்கிழமை ரெடி என்று பொய் சொல்வது, வியாழக்கிழமை வருகிறவர்களைப் பேச்சில் மயக்கிச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுவது எல்லாம் அவருடைய இலாகா. யார் வீட்டில் யாருக்கு வேலை கிடைத்தது, யாருடைய மாப்பிள்ளை ஏன் பேசுவதில்லை என்று தெருவின் நடப்பு முழுவதும் அந்தச் சீட்டைத் தொட்டுவிட்டுத்தான் வீடுகளுக்குள் போகும். மாடியில் அவர் ஒரு நோயாளி. மரத்தடிக்கு வந்தால் எங்களுக்கெல்லாம் பெரிய மனுஷன்.

ஒரு நாள் காலையில் நான்கு மரங்களிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தெருவிளக்கை மறைப்பதால் ரோட்டுப் பக்கக் கிளைகளை வெட்டப் போவதாகவும், ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம் என்றும் நகரசபை சொல்லியிருந்தது.

டிரைவர் அதைப் படித்துவிட்டு, "கிளைதானே. முடி மாதிரி. ரெண்டு மழை பெஞ்சா வந்துடும்" என்றார்.

"ரோட்டுப் பக்கம்தான் உங்களுக்கு நெழலே. அது போச்சுன்னா பத்து மணிக்கெல்லாம் மண்டைல வெயில்."

"சீட்ட ரெண்டடி நகத்திப் போட்டுக்கிறேன்."

"மத்தியானம் வெயிலும் நகரும். உங்களையும் சீட்டையும் தூக்கித் தூக்கி வெக்க நான் என்ன கிரேனா?"

அத்தோடு அக்கா டேப்பைச் சரிசெய்துகொண்டு நகரசபைக்குக் கிளம்பிவிட்டார்.

நகரசபையில் பாதுகாக்கப்பட்ட மரங்களுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு அறுபது அங்குலமாவது இருந்தால்தான் ஒரு மரம் அதில் இடம்பிடிக்கும். இடம்பிடித்த மரத்தை நேரில் பார்க்காமல், அளக்காமல் யாரும் தொடக் கூடாது. அக்கா போய் எங்கள் தெருவின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். முதல் மரம் அறுபது அங்குலம். இரண்டாவது அறுபது. மூன்றாவது அறுபது. நான்காவதும் அறுபது.

"இத அளந்தவரு யாருங்க?" என்று அந்தப் பிரிவின் இளவயதுக் குமாஸ்தாவிடம் கேட்டார்.

"எனக்கு முந்தி இருந்தவருங்க. ரிட்டயர் ஆயிட்டாரு."

"அவரு அளக்கவே இல்ல. ரோட்டுல நின்னு பாத்துட்டு எழுதியிருக்காரு. நாலு பேரு துணி தைக்க வந்தா நாலு பேருக்கும் ஒரே இடுப்பா இருக்கும்?"

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு ஆயுதம் கிடைத்துவிட்டது.

அன்று மாலையே இரண்டு டேப்புகளைச் சேர்த்துத் தைத்து நான்கு மரங்களையும் அளந்தார். எழுபத்து மூன்றரை, அறுபத்தொன்பதரை, அறுபத்தேழரை. ஜன்னலுக்கு நேரே இருந்த நான்காவதுதான் வயதில் இளையது. அறுபத்தொன்று. மனுவை அவரே எழுதினார். அளக்காத மரத்தை அளந்ததாகக் காட்டும் பதிவேட்டை நம்பி எடுத்த முடிவு செல்லாது, அதை ரத்து செய்துவிட்டு ஒவ்வொரு மரத்தையும் முறையாக அளக்க வேண்டும் என்பது அதன் சாரம். தன்னுடைய அளவுகளையும் அரை அங்குலம் விடாமல் சேர்த்திருந்தார். தெருவில் இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். படித்துப் பார்த்துப் போட்டோமா என்று கேட்கக் கூடாது. கையெழுத்துக் கேட்டால் பேனா எழுதுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பழக்கம்.

விசாரணை நாளன்று, வெளியே பெஞ்சில் காத்திருந்த அக்காவிடம் அந்தக் குமாஸ்தா வந்து குனிந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இத வாபஸ் வாங்கிடுங்க. கிளைய மட்டும் கொஞ்சமா கழிக்கச் சொல்லி நான் பேசுறேன். பழைய ரிஜிஸ்டர நோண்டாதீங்க. அளக்க ஆரம்பிச்சா அது யாருக்கும் நல்லதில்ல."

"யாருக்கு நல்லதில்ல? உங்க ஆபீசுக்கா?"

"உங்க தெருவுக்குத்தான் சொல்றேன்."

"தம்பி, என் டேப்பு பொய் சொல்லாது. உள்ள போய்ச் சொல்லிடுங்க, நான் அளவு கேட்டுத்தான் வந்திருக்கேன்."

மிரட்டுகிறான் என்றே அவர் நினைத்தார். அன்று அவரோடு துணைக்குப் போயிருந்த சாவிக்கடைக்காரரும் அப்படித்தான் நினைத்தார். சாயங்காலம் அதைத் தெருவில் சொன்னபோது நாங்களும் அப்படியே நினைத்து, இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினோம். அந்தப் பையன் எங்களுக்கு நல்லது சொல்லியிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அரசு அலுவலகத்தில் ஒருவன் நமக்காகக் குனிவான் என்று நினைத்துப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

மனுவை விசாரித்த குழு மூன்று பேர் கொண்டது. மனுவைப் படித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அக்கா சொன்னது சரி என்றார்கள். வெட்டும் முடிவு ரத்து. எல்லா மரங்களையும் புதிதாக அளந்து பதிவேட்டைத் திருத்த வேண்டும். அக்கா தெருவுக்குள் நுழைந்தபோது நாங்கள் கை தட்டினோம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே ஹாரன் அடிப்பதுபோல் வாயால் சத்தம் எழுப்பினார்.

அடுத்த வாரம் மர அதிகாரி வந்தார். நல்ல மனிதர், அவசரமில்லாதவர். இரும்பு டேப்பை இழுத்து முதல் மரத்தைச் சுற்றினார். எழுபத்திரண்டு. இரண்டாவது அறுபத்தெட்டு. மூன்றாவது அறுபத்தாறு. ஒவ்வொன்றிலும் அக்காவின் கணக்குக்கு ஒன்றரை அங்குலம் குறைந்தது. அறுபதுக்கு மேலே இருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. நான்காவது மரத்தில் டேப்பைப் படித்தவர் அதைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றினார்.

"ஐம்பத்தொன்பதரை."

"இருக்காது சார். உங்க டேப்பு சுருங்கியிருக்கும்."

"இரும்புங்கம்மா."

"நகருங்க, நான் அளக்கிறேன்."

சேர்த்துத் தைத்த டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, நெஞ்சு உயரத்தில் சுற்றி, இரண்டு முனைகளையும் பிடித்தார். "பாத்துக்கங்க, அறுபத்தொண்ணு."

அதிகாரி டேப்பைப் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பார்த்தார்.

"அம்மா, விரலை எடுங்க."

டேப்புக்கும் மரப்பட்டைக்கும் நடுவே அக்காவின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்தன. இருபத்தெட்டு வருடமாக எந்த இடுப்பை அளந்தாலும் அந்த இரண்டு விரல்களும் தாமாக உள்ளே போய்விடும். உட்கார்ந்தால் பிடிக்காமல் இருக்க, மூச்சு விட, நாலு கவளம் கூடச் சாப்பிட. போன மாதம் நான்கு மரங்களுக்கும் அவர் அந்த இடம் விட்டுத்தான் அளந்திருந்தார். கையை உருவினார். டேப் தளர்ந்தது. இழுத்துப் பிடித்தார். ஐம்பத்தொன்பதரை.

சீட்டிலிருந்த டிரைவர்தான் வாயைத் திறந்தார். "அவ எப்பவும் அப்படித்தான் சார். வளர்ற பசங்களுக்குக் கொஞ்சம் லூசாத்தான் வெப்பா."

"அரை அங்குலந்தானே சார்" என்றார் அக்கா. அந்தக் குரலில் அவர் யாரிடமும் பேசி நாங்கள் கேட்டதில்லை. "அடுத்த வருஷம் தானா வந்துடும்."

"வந்தா அடுத்த வருஷம் சேத்துக்கலாம்மா. இன்னைக்கு நான் பாத்தத எழுதாம விட முடியாது. அறுபதுன்னு கெடந்தப்ப யாரும் கேக்கல. இப்ப குழுவே கேட்டிருக்கு."

அளக்காமல் ரோட்டில் நின்றபடி அறுபது என்று எழுதிவிட்டுப் போன அந்தச் சோம்பேறியை இன்றுவரை நாங்கள் பார்த்ததில்லை. இத்தனை வருடம் நான்காவது மரத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது அவருடைய சோம்பேறித்தனம்தான். அதை அம்பலப்படுத்தியவர் எங்கள் டேப்பக்கா. கீழே கையெழுத்து, நாங்கள் இருபத்து மூன்று பேர்.

பதிவேட்டிலிருந்து விழுந்த மரம் யாருக்கும் வேண்டாத மரம். அதன் வேர் சாக்கடை மூடியைத் தூக்குகிறது என்று பொறியியல் பிரிவு பல வருடமாகப் புகார் வைத்திருந்ததாம். கிளையை மட்டும் வெட்ட வந்திருக்க வேண்டியவர்கள், பதினோராம் நாள் மரத்தையே எடுக்க வந்தார்கள். ஒரு காலை நேரத்து வேலை. மற்ற மூன்று மரங்களில் ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. மனு அவ்வளவு பெரிய வெற்றி.

அந்த மூன்று மரங்களுக்கு எதிரே குடியிருப்பவர்கள் முறை வைத்து வந்து அக்காவுக்கு நன்றி சொன்னார்கள். உங்களைப்போல தெருவுக்கு ஒருத்தர் வேணும் என்றார்கள். தண்ணீர் குழாய் விஷயமாக ஒரு மனு எழுதித் தர முடியுமா என்று ஒருவர் வெட்கமில்லாமல் கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஒரு பெரிய குடை வாங்கிச் சீட்டுக்குப் பின்னால் கட்டிப் பார்த்தார். டிரைவர் இரண்டு நாள் உட்கார்ந்தார். தார் ரோட்டின் சூடு கீழேயிருந்து வந்தது. நின்று பேச வந்த நாங்களும் காலை மாற்றி மாற்றி வைத்துவிட்டு, சரி வரேன் என்று நழுவினோம். குடைக்கடியில் ஒருவருக்குத்தான் இடம். மூன்றாம் நாள் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. "எக்ஸ்பிரஸ் இன்னைக்கு ரிப்பேர்" என்றார். மறுநாளும் ரிப்பேர். பிறகு அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார்.

தையலிலும் தடுமாற்றம். விரல் உள்ளே போகப் பார்க்கும். அவர் வெளியே இழுத்துக்கொள்வார். எதை வைத்தோம், எதை எடுத்தோம் என்று அவருக்கே குழப்பம். காவலாளி ஒருவர் கால்சட்டையைத் திருப்பிக் கொண்டு வந்து, "உக்காந்தா பிடிக்குதுங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா மறுபேச்சில்லாமல் வாங்கி, தையலைப் பிரிக்க உட்கார்ந்தார்.

"அந்தத் தம்பி அன்னைக்கு எவ்வளவு பதமாச் சொன்னான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "வாபஸ் வாங்கிடுங்கன்னான். நான்தான் பெரிய இவ மாதிரி பேசிட்டு வந்தேன்." நான் ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

டிரைவர் மட்டும் நான் அப்பவே சொன்னேனே என்று இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இருவரும் சண்டை போட்டிருப்பார்கள், நாலு நாளில் ஆறியிருக்கும். சொல்லாததுதான் அந்த ஒன்றரை அறையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

போன வாரம் துணி கொடுக்கப் போயிருந்தேன். மிஷினைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தார் அக்கா. திரையைக் கழற்றியாகிவிட்டது. டிரைவரின் கட்டில் மிஷினுக்கு அருகே வந்திருந்தது. படுத்தபடி பார்த்தால் அவருக்கு வானம்தான் தெரியும், தெரு தெரியாது. முன்பெல்லாம் வெளியே தலையை நீட்டாத அக்கா, ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவே எட்டிப் பார்த்தார்.

"யாரு போறா?" என்றார் டிரைவர்.

"யாரோ ஒரு ஆளு. கைல பை வெச்சிருக்காரு."

"ஆளு எப்படி?"

"இடுப்பு முப்பத்தெட்டு இருக்கும். ஒரு தோள் எறக்கம்."

"சாவிக்கடைக்காரன் மச்சான். இந்நேரம் வேலைல இல்ல இருக்கணும். ஏதோ ஆயிருக்கு. கூப்பிடு, கூப்பிட்டு விசாரி."

"என்னன்னு கேக்கறது?"

"ஒண்ணும் கேக்க வேணாம். என்ன இந்தப் பக்கம்னா போதும், மீதிய அவனே சொல்லுவான்."

அக்கா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்து, மூடினார். மறுபடி திறந்தார். முன்பின் பழக்கமில்லாத ஒருவரை மாடியிலிருந்து எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் அந்த ஆள் மூன்று மர நிழலையும் தாண்டித் திரும்பிவிட்டார்.

"போயிட்டாருங்க."

"பரவால்ல" என்றார் டிரைவர். "அடுத்த ஆளு வந்தா சொல்லு."